முதுகுக்கு ஒரு மலைப்பாதை



சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பேருந்தில் போயிருக்கிறீர்களா? மொத்தம் இருபது கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஏற ஏறக் காற்று குளிர்ந்துகொண்டே வரும். ஏற்காட்டை அடையும்போது கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருப்போம். ஏரியில் படகு ஓட்டிவிட்டு, லேடீஸ் சீட்டிலிருந்து சேலம் நகரைப் பார்த்துவிட்டுப் பலரும் திரும்பிவிடுகிறார்கள். ஆனால் சேர்வராயன் மலை அங்கேயே முடிந்துவிடுவதில்லை. சுற்றிலும் சரிவுகளில் எத்தனையோ சிற்றூர்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று வெள்ளக்கடை. காப்பித் தோட்டங்கள், அவற்றுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்கள், அம்மரங்களைப் பற்றி ஏறும் மிளகுக் கொடிகள், இவைதாம் இம்மலையின் காட்சி.

மலையூரில் சமதரை என்பது அரிது. தண்ணீருக்குப் போனால் இறக்கம். குடத்தோடு திரும்பினால் ஏற்றம். பள்ளிக்கு ஒரு மேடு, கடைக்கு ஒரு பள்ளம். தாத்தா, பாட்டி காலத்தில் எங்கே போவதானாலும் நடைதான். ‘உடற்பயிற்சி’ என்று தனியாக ஒன்று அவர்களுக்குத் தேவைப்படவில்லை. மலையே அவர்களுக்கு உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தது.

இன்று மலையிலும் தார்ச்சாலை உண்டு, பேருந்து உண்டு, மோட்டார் சைக்கிள் உண்டு. இவை வேண்டியவைதாம். நள்ளிரவில் ஒருவருக்கு உடல்நலம் கெட்டால் சாலையின் அருமை தெரியும். ஆனால் சாலை வந்தபோது ஒன்று சத்தமில்லாமல் போய்விட்டது. நாள்தோறும் கால்களும் இடுப்பும் முதுகும் தம்மையறியாமல் பெற்றுவந்த பயிற்சிதான் அது. அது பயிற்சி என்றே யாரும் எண்ணியிருக்கவில்லை. ஆகவே, அது போனதையும் யாரும் கவனிக்கவில்லை.

நீங்கள் வெள்ளக்கடையில் இருந்தாலும் சரி, வண்ணாரப்பேட்டையில் இருந்தாலும் சரி, இந்தக் கதை உங்களுக்கும் பொருந்தும். போன பயிற்சியை ஏன் திரும்பக் கொண்டுவர வேண்டும்? அதை ஏன் விடாமல் செய்ய வேண்டும்? விடையை உங்கள் முதுகிடமே கேட்போம்.

இரண்டு கிலோவைத் தாங்காத தூண்

உங்கள் கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகின் நடுவே தடவிப் பாருங்கள். மணிகளைக் கோத்தது போல் மேடும் பள்ளமுமாகத் தட்டுப்படுகிறதல்லவா? அவை முள்ளெலும்புகளின் நுனிகள். கழுத்தில் 7, மார்பின் பின்புறம் 12, இடுப்புப் பகுதியில் 5, ஆக 24 முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. இவற்றுக்குக் கீழே, வளரும்போது ஒன்றாக இணைந்துவிடும் எலும்புகள் உள்ளன. எலும்புகள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்க இடையிடையே மெத்தை போன்ற 23 தட்டுகள் உள்ளன. இந்த அடுக்கின் பின்புறமாக ஓடும் குழாய்க்குள் தண்டுவடம் பாதுகாப்பாக இருக்கிறது.

‘முதுகெலும்புதான் நம் உடலைத் தாங்கும் தூண்’ என்று படித்திருப்பீர்கள். அது எவ்வளவு வலிமையான தூண்?

1961-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் லூக்காஸ், பிரஸ்லர் என்னும் இருவர் இதைச் சோதித்தார்கள். இறந்தவரின் உடலிலிருந்து எடுக்கப்பட்ட, தசைகள் நீக்கப்பட்ட முதுகெலும்பை நிமிர்த்தி வைத்து, மேலே சிறிது சிறிதாகப் பாரம் ஏற்றினார்கள். எலும்புகள், தட்டுகள், அவற்றைக் கட்டும் பந்தகங்கள் எல்லாம் அப்படியே இருந்தன. தசை மட்டும் இல்லை. சுமார் இரண்டு கிலோ பாரத்திலேயே அந்தத் தூண் வளைந்து சாய்ந்துவிட்டது!

வளர்ந்த ஒருவரின் தலை மட்டுமே நான்கு, ஐந்து கிலோ எடை இருக்கும். அப்படியானால் தலையைக்கூடத் தாங்க முடியாத இந்த அடுக்கு, குடத்தையும் புத்தகப் பையையும் எப்படித் தாங்குகிறது?

கூடாரம் அடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? நடுவே ஒரு கம்பம். அதைச் சுற்றி நாலா பக்கமும் கயிறுகள் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். கயிறுகளை அவிழ்த்துவிட்டால் கம்பம் நிற்காது. நம் முதுகெலும்பு அந்தக் கம்பம், தசைகளே கயிறுகள். முதுகெலும்பின் இரு புறமும் நீண்டு ஓடும் தசைகள், ஒவ்வோர் எலும்பையும் அடுத்ததோடு பிணைக்கும் சிறு தசைகள், முன்னே வயிற்றுச் சுவர்த் தசைகள், கீழே பிட்டத் தசைகள் ஆகிய எல்லாமே சேர்ந்துதான் முதுகை நிமிர்த்தி நிற்க வைக்கின்றன.

ஆகவே, ‘முதுகுக்குப் பயிற்சி’ என்றால் எலும்பை வளைப்பது என்று பொருளல்ல. கயிறுகளைத் தளராமல் வைத்துக்கொள்வது என்றே பொருள். சாதாரணக் கயிற்றுக்கும் தசைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கயிறு பயன்படுத்தப் பயன்படுத்தத் தேயும். தசை பயன்படுத்தாவிட்டால்தான் தேயும்.

இரத்தக் குழாய் இல்லாத தட்டு

ஒரு சிறிய சோதனை செய்து பாருங்கள். காலையில் படுக்கையை விட்டு எழுந்தவுடன், சுவரை ஒட்டி நிமிர்ந்து நில்லுங்கள். தலையின் மேல் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைச் சுவரோடு ஒட்டிப் படுக்கவைத்து, அதன் அடிவிளிம்பு படும் இடத்தில் வீட்டிலுள்ளவரைப் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். இரவு படுக்கப் போகும்முன் அதே இடத்தில், அதே போல் நின்று மீண்டும் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். இரண்டு கோடுகளும் ஒன்றாக இருக்கின்றனவா?

இரவுக் கோடு சற்றுக் கீழே இருக்கும். வேறுபாடு ஒரு சென்டிமீட்டர் அளவில் இருக்கலாம். நீங்கள் பகலில் குட்டையாகிவிட்டீர்கள்! அஞ்ச வேண்டாம். காலையில் மீண்டும் வளர்ந்துவிடுவீர்கள்.

இதற்குக் காரணம் அந்த 23 தட்டுகள். தட்டின் நடுவே நீர் மிகுந்த, கூழ் போன்ற பொருள் இருக்கிறது. அதைச் சுற்றி வலுவான நார்வளையங்கள் உள்ளன. பகல் முழுவதும் நாம் நிற்கிறோம், உட்காருகிறோம், சுமக்கிறோம். அந்தப் பாரத்தால் தட்டிலிருந்து சிறிதளவு நீர் வெளியேறுகிறது, தட்டு மெலிகிறது. இரவில் படுத்ததும் பாரம் நீங்குகிறது. தட்டு நீரை உறிஞ்சிப் பழைய பருமனை அடைகிறது.

இதில் மற்றோர் உண்மையும் அடங்கியுள்ளது. உடலின் மற்ற பகுதிகளுக்கு இரத்தக் குழாய்கள் உணவும் பிராணவாயுவும் கொண்டுசெல்கின்றன. வளர்ந்த தட்டின் உட்பகுதிக்கு அப்படிப்பட்ட குழாய்கள் இல்லை. தனக்கு வேண்டியதை அக்கம்பக்கத்து எலும்பின் விளிம்பிலிருந்து ஊறிவரும் நீரின் வழியேதான் அது பெறுகிறது. பஞ்சு ஒன்றை நீரில் போட்டு அழுத்துங்கள், நீர் வெளியேறும். விடுங்கள், நீர் உள்ளே புகும். அழுத்திக்கொண்டே இருந்தாலும் புதுநீர் புகாது. தொடாமலே இருந்தாலும் உள்ளே இருப்பது மாறாது. அழுத்துவதும் விடுவதும் மாறி மாறி நடக்க வேண்டும். நடப்பது, ஏறுவது, குனிவது, நிமிர்வது ஆகியவை எல்லாம் தட்டை அழுத்தி விடும் செயல்களே.

‘எந்த நிலையில் உட்கார்ந்தால் முதுகுக்கு நல்லது?’ என்று பலரும் கேட்கிறார்கள். எவ்வளவு நல்ல நிலையானாலும் அதிலேயே இரண்டு மணி நேரம் அசையாமல் இருப்பது நல்லதல்ல. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து, நாலடி நடந்து, கைகளை மேலே நீட்டிவிட்டு உட்காருங்கள். பாடம் படிக்கும்போதும் சரி, கைப்பேசி பார்க்கும்போதும் சரி, இதுவே விதி.

குனிந்து தூக்கினால் என்ன ஆகும்?

நெம்புகோல் பற்றி அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். 30 செ.மீ. அளவுகோல் ஒன்றை எடுத்து, 15-ஆம் கோட்டின் கீழே ஒரு பென்சிலை வையுங்கள். வலப்பக்கம் 27-ஆம் கோட்டில் ஒரு நாணயம் வையுங்கள். இடப்பக்கம் 12-ஆம் கோட்டில் அதே வகை நாணயம் ஒன்று வைத்தால் சமமாகுமா? ஆகாது. இரண்டு வைத்தாலும் ஆகாது. நான்கு நாணயங்கள் வேண்டும். ஏனெனில், வலப்பக்க நாணயம் தாங்குபுள்ளியிலிருந்து 12 செ.மீ. தொலைவில் உள்ளது, இடப்பக்கம் 3 செ.மீ. தொலைவுதான்.

உங்கள் முதுகிலும் இதே கணக்குத்தான். முதுகுத் தசை, தாங்குபுள்ளியான தட்டின் நடுவிலிருந்து சுமார் 5 செ.மீ. பின்னால்தான் இருக்கிறது. நீங்கள் 10 கிலோ எடையுள்ள வாளியை 50 செ.மீ. முன்னால் பிடித்தால், அதைச் சமன் செய்யத் தசை எவ்வளவு இழுக்க வேண்டும்? பத்து மடங்கு, அதாவது 100 கிலோ எடைக்குச் சமமான விசை! உங்கள் உடலின் மேற்பகுதி எடை வேறு இதனோடு சேரும்.

இது வெறும் கணக்கல்ல. அளந்து பார்க்கப்பட்ட உண்மை. சுவீடன் நாட்டு மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன், 1960-களிலேயே மெல்லிய ஊசி போன்ற கருவியைத் தட்டுக்குள் செலுத்தி அழுத்தத்தை அளந்தார். பின்னர் ஜெர்மனி நாட்டின் உல்ம் நகர ஆய்வாளர்கள் தன்னார்வலர் ஒருவரின் இடுப்புத் தட்டில் அளந்த அளவுகளை 1999-இல் வெளியிட்டனர். நிமிர்ந்து நிற்கும்போது உள்ள அழுத்தத்தை 1 என்று கொண்டால், 20 கிலோ பாரத்தை உடலோடு ஒட்டிப் பிடித்தபோது ஏறத்தாழ 2 ஆனது. கையை நீட்டித் தள்ளிப் பிடித்தபோது ஏறத்தாழ மூன்றரை ஆனது. முதுகை வளைத்துக் குனிந்து தூக்கியபோது நாலரைக்கும் மேல் போயிற்று. படுத்திருக்கும்போது ஐந்தில் ஒரு பங்குதான்.

பாரம் ஒன்றே; பிடிக்கும் முறைதான் வேறு. ஆகவே, பாரத்தின் அருகே போங்கள், முழங்காலை மடக்குங்கள், உடலோடு ஒட்டிப் பிடியுங்கள், பிறகு எழுங்கள்.

இங்கே ஒரு கேள்வி எழும். காப்பித் தோட்டத்தில் நாள் முழுவதும் சரிவில் நின்று பழம் பறிப்பவரும், மூட்டை தூக்குபவரும் எவ்வளவோ அசைகிறார்களே, பிறகு அவர்களுக்கு ஏன் முதுகு வலிக்கிறது?

நல்ல கேள்வி. உழைப்பும் உடற்பயிற்சியும் ஒன்றல்ல. பயிற்சியில் பாரத்தையும் நேரத்தையும் நம் உடல் முடிவு செய்கிறது. களைத்தால் நிறுத்தலாம், சிறிது சிறிதாகக் கூட்டலாம். உழைப்பில் அவற்றை மூட்டை முடிவு செய்கிறது. கூலி முடிவு செய்கிறது. களைத்த முதுகும் அன்றைய வேலையை முடித்தே ஆக வேண்டும். அதனால் உழைப்பவர் முதுகுக்குத்தான் ஓய்வும் உதவியும் மிகுதியாகத் தேவை. உங்கள் அம்மாவோ அப்பாவோ அப்படி உழைப்பவரானால், மாலையில் தண்ணீர்க் குடத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே வேளையில் இரண்டு முதுகுகளுக்கு நன்மை!

புத்தகப் பைதான் குற்றவாளியா?

எழுத்தாளர் ஆர். கே. நாராயண் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது, 1989-இல் தம் முதல் உரையையே பள்ளிப் பிள்ளைகளின் சுமையைப் பற்றித்தான் பேசினார். அதன்பின் யஷ்பால் தலைமையில் அமைந்த குழு, சுமையில்லாக் கல்வி பற்றி 1993-இல் அறிக்கை தந்தது. தமிழ்நாட்டில் 2012-13 கல்வியாண்டில் முதல் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தது. ஓராண்டுப் புத்தகம் மூன்றாகப் பிரிந்தது. 2020-ஆம் ஆண்டின் தேசியப் பள்ளிப் பைக் கொள்கை, பையின் எடை மாணவரின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்கிறது. அதாவது, 40 கிலோ எடையுள்ள மாணவருக்கு 4 கிலோ.

பை இலேசாக இருப்பது நல்லதுதான். இரு தோள்களிலும் மாட்டி, முதுகோடு ஒட்டியிருக்கும்படி வாரை இறுக்கிக்கொள்வதும் நல்லது. நெம்புகோல் கணக்கு நினைவிருக்கிறதல்லவா? ஆனால், பிள்ளைகளின் முதுகு வலிக்குப் பைதான் காரணமா என்று பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள், அதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை என்று 2018-இல் எழுதினார்கள். ஆகவே, பழி முழுவதையும் பையின் மேல் போட்டுவிட்டு நாம் சும்மா இருந்துவிட முடியாது. பையைக் குறைப்பது பெரியவர்கள் வேலை. அதைச் சுமக்கும் கயிறுகளை உறுதியாக வைப்பது நம் வேலை.

படுத்திருந்தால் சரியாகிவிடுமா?

‘முதுகு வலியா? அசையாமல் படு’ என்பது பழைய அறிவுரை. மருத்துவர்களும் ஒரு காலத்தில் வாரக் கணக்கில் படுக்கச் சொன்னார்கள். 1986-இல் அமெரிக்காவில் ரிச்சர்டு டேயோ என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் முதுகு வலிக்காரர்களை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினரை இரண்டு நாளும் மற்றவரை ஏழு நாளும் படுக்கச் சொன்னார்கள். குணத்தில் வேறுபாடு இல்லை. இரண்டு நாள் பிரிவினர் விரைவாக வேலைக்குத் திரும்பியதுதான் வேறுபாடு. பின்லாந்து நாட்டில் 1995-இல் வெளியான ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போயிற்று. படுக்கையில் இருந்தவர்களைவிட, தாங்கும் அளவுக்கு வழக்கமான வேலைகளைச் செய்துவந்தவர்களே விரைவில் தேறினார்கள்.

பாரமே இல்லாவிட்டால் முதுகு எப்படி இருக்கும்? அதைக் காண விண்வெளிக்குப் போக வேண்டும். அங்கே எடை உணர்வு இல்லாததால் தட்டுகள் அழுத்தப்படுவதில்லை. விண்வெளி வீரரின் உயரம் சில சென்டிமீட்டர் கூடிவிடுகிறது. மகிழ்ச்சிதானே என்கிறீர்களா? இல்லை. பலருக்கு முதுகு வலிக்கிறது. நான்கு முதல் ஏழு மாதங்கள் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் இருந்த ஆறு வீரர்களை ஆராய்ந்தபோது, முதுகெலும்பை ஒட்டிய தசையின் பருமன் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பூமிக்குத் திரும்பி ஒன்றரை மாதம் ஆன பின்பும் இழந்தது முழுவதும் திரும்பவில்லை. இதனால்தான் விண்வெளி வீரர்கள் நாள்தோறும் சுமார் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். 1984-இல் விண்ணுக்குச் சென்ற நம் நாட்டு வீரர் ராகேஷ் சர்மா, சல்யூட்-7 நிலையத்தில் யோகப் பயிற்சிகளைச் செய்து பார்த்ததும் இதே நோக்கத்தில்தான்.

ஊரிலேயே சோபாவில் மிதப்பவருக்கும் விண்வெளியில் மிதப்பவருக்கும் முதுகைப் பொறுத்தவரை அதிக வேறுபாடு இல்லை!

சேமித்து வைக்க முடியாத செல்வம்

உலக நலவாழ்வு நிறுவனக் கணக்குப்படி, 2020-இல் உலகில் 61 கோடியே 90 லட்சம் பேர் கீழ்முதுகு வலியால் அவதிப்பட்டனர். 2050-இல் இத்தொகை 84 கோடியைத் தாண்டும் என்று மதிப்பிட்டுள்ளனர். மனிதரை முடக்கும் காரணங்களில் இதுவே முதலிடம் பெறுகிறது. அன்றாடக் கூலியில் வாழும் குடும்பத்தில் ஒருவருக்கு முதுகு பிடித்துக்கொண்டால், அன்றைய அடுப்பும் அணைகிறது. இது சிறிய விஷயமல்ல.

இதைத் தடுக்க எது உதவும்? 2016-இல், முப்பதாயிரம் பேருக்கு மேற்பட்டோர் பங்குகொண்ட 21 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். இடுப்புப் பட்டை உதவவில்லை. காலணிக்குள் வைக்கும் தனி அட்டையும் உதவவில்லை. முதுகைப் பற்றிய அறிவோடு சேர்ந்த உடற்பயிற்சிதான் உதவியது. அடுத்த ஓராண்டில் வலி வரும் வாய்ப்பை அது ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. ஆனால், ஓராண்டுக்குப் பிறகு பயன் மங்கத் தொடங்கியது. பயிற்சி நின்றால் பாதுகாப்பும் நின்றுவிடும் என்பதே ஆய்வாளர்கள் கண்ட முடிவு.

இதுதான் இந்தக் கட்டுரையில் நீங்கள் நினைவில் வைக்க வேண்டிய செய்தி. பணத்தை வங்கியில் போடலாம். பத்தாண்டு கழித்து எடுக்கலாம். பயிற்சியை அப்படிப் போட முடியாது. ஆறாம் வகுப்பில் சடுகுடு ஆடியவர் பத்தாம் வகுப்பில் ‘தேர்வு வந்துவிட்டது’ என்று நிறுத்தினால், கயிறுகள் தளரத் தொடங்கும். உடற்பயிற்சி வகுப்பைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் கொடுக்கும் பள்ளிகள் இதை யோசிக்க வேண்டும். எலும்பு மட்டும் ஓரளவு சேமிப்புப் போன்றது. வாழ்நாளில் நாம் பெறும் எலும்பு வலிமையின் பெரும்பகுதி இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. இளமையில் குதித்து ஓடி ஆடியவருக்கே அதிகம் சேரும். அதற்கும் இதுவே பருவம்.

எளிய நடையே போதுமா என்றால், 2024-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஆய்வைக் கேளுங்கள். முதுகு வலி வந்து குணமான 701 பெரியவர்களில் ஒரு பிரிவினருக்கு, சிறிது சிறிதாக நடையைக் கூட்டக் கற்றுத் தந்தார்கள். மற்றவர்களுக்கு வலி மீண்டும் வர நடுவளவாக 112 நாள் ஆயிற்று. நடந்தவர்களுக்கு 208 நாள் ஆயிற்று. கருவி வேண்டாம், கட்டணம் வேண்டாம். மலைப்பாதை எங்கள் தாத்தாவுக்குத் தந்தது அதுதான் என்று வெள்ளக்கடைச் சிறுவன் சொன்னால், மறுக்க முடியுமா?

நீங்கள் செய்ய வேண்டியவை

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள், நாளுக்குச் சராசரி ஒரு மணி நேரம் மூச்சு வாங்கும்படி ஓடியாட வேண்டும். வாரத்தில் மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வலிமை தரும் பயிற்சி வேண்டும் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். சடுகுடு, கிளித்தட்டு, பாண்டி, கயிறு தாண்டல், பந்தாட்டம், நீச்சல் எல்லாம் இதில் சேரும். பள்ளிக்கு நடப்பதும் சேரும். இவற்றோடு, முதுகின் கயிறுகளுக்கென்றே நான்கு சிறு பயிற்சிகளைச் செய்யலாம். பாய் ஒன்றும் பத்து நிமிடமும் போதும்.

1. பூனை நீட்சி: முழங்கால்களையும் உள்ளங்கைகளையும் தரையில் ஊன்றுங்கள். சினங்கொண்ட பூனை போல் முதுகை மெல்ல மேலே வளையுங்கள். பிறகு மெல்லக் கீழே தாழ்த்துங்கள். எட்டு முறை.

2. எதிர்க்கை, எதிர்க்கால்: அதே நிலையில் வலக்கையை முன்னாலும் இடக்காலைப் பின்னாலும் நேராக நீட்டி, ஐந்து எண்ணும் வரை ஆடாமல் நில்லுங்கள். பிறகு மாற்றிச் செய்யுங்கள். பக்கத்துக்கு ஐந்து முறை.

3. பாலம்: மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, பாதங்களை ஊன்றி, இடுப்பை மேலே தூக்குங்கள். ஐந்து எண்ணி இறக்குங்கள். எட்டு முறை.

4. பலகை: குப்புறப் படுத்து, முழங்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி, உடலைப் பலகை போல் நேராகத் தூக்குங்கள். முதலில் பத்து எண்ணும் வரை போதும். வாரந்தோறும் சிறிது கூட்டுங்கள்.

மூச்சை அடக்காதீர்கள். தசை களைப்பது இயல்பு. குத்தும் வலி வந்தால் நிறுத்திவிடுங்கள்.

மலையில்லாத ஊரில் இருப்பவர்களுக்கு மாடிப்படி உண்டு. ஒரு மாடியின் உயரம் 3 மீட்டர் என்று கொள்வோம். நாளுக்கு ஐந்து முறை ஏறினால் 15 மீட்டர். பள்ளி நடக்கும் 200 நாளில் 3,000 மீட்டர். கடல் மட்டத்திலிருந்து ஏற்காட்டுக்கு இரண்டு முறை ஏறிவிட்டீர்கள்!

பழக்கமாக எத்தனை நாள்?

முதல் மூன்று நாள் உற்சாகமாகச் செய்வோம். நாலாம் நாள் மழை; ஐந்தாம் நாள் விருந்தாளி; ஆறாம் நாள் மறந்தே போகும். இது உங்கள் குற்றம் மட்டுமன்று. மூளை புதிய செயலைப் பழக்கமாக ஏற்க நாளாகும். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலி என்பவரும் குழுவினரும் 96 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஒரு செயல் நினைத்துப் பாராமலே நடைபெறும் பழக்கமாக, நடுவளவாக 66 நாள் ஆயிற்று. சிலருக்கு 18 நாளே போதுமானதாக இருந்தது. சிலருக்கு 250 நாளுக்கு மேல் தேவைப்படும் என்று கணக்கிட்டார்கள். இதில் ஓர் ஆறுதலும் உண்டு. இடையில் ஒருநாள் தவறியதால் பழக்கம் கெட்டுவிடவில்லை. ஆகவே, ஒருநாள் விட்டுப்போனால் ‘எல்லாம் போயிற்று’ என்று கைவிடாதீர்கள், மறுநாள் தொடருங்கள்.

ஏற்கனவே உள்ள ஒரு பழக்கத்தோடு புதியதைக் கட்டிவிடுவது நல்ல உத்தி. ‘பல் துலக்கியதும் பாயில் பத்து நிமிடம்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். பல் துலக்க மறப்பதில்லையே! நாட்காட்டியில் செய்த நாளுக்கு ஒரு வட்டம் போடுங்கள். தம்பி, தங்கையையும் கூட்டிக்கொள்ளுங்கள். இருவர் செய்தால் ஒருவரை ஒருவர் நினைவூட்டலாம்.

ஓர் எச்சரிக்கை. விழுந்து அடிபட்ட பின் வலித்தாலும், இரவில் தூக்கத்தைக் கெடுக்கும்படி வலித்தாலும், வலியோடு காய்ச்சல் வந்தாலும், காலில் மரத்துப்போதலோ வலுக்குறைவோ இருந்தாலும், சிறுநீர், மலம் கழிப்பதில் மாறுதல் தெரிந்தாலும், சில வாரங்களுக்கு மேல் வலி நீடித்தாலும் பெரியவர்களிடம் சொல்லி மருத்துவரைப் பாருங்கள். பயிற்சியால் சரியாகிவிடும் என்று மறைத்துவிடக் கூடாது.

நண்பர்களே! உங்களுக்கு இப்போது பன்னிரண்டு வயது என்று வைத்துக்கொள்வோம். இந்த ஒரே முதுகு இன்னும் அறுபது, எழுபது ஆண்டுகள் உங்களோடு வர வேண்டும். மூட்டை தூக்கவோ, மேசையில் எழுதவோ, குழந்தையைத் தோளில் ஏற்றவோ, எதற்கானாலும் அதுவே துணை.

நாளைக் காலையில் சுவரில் முதல் கோட்டைப் போடுங்கள். நாட்காட்டியில் முதல் வட்டத்தையும் போடுங்கள். பள்ளிக்கு நடக்கக்கூடிய தொலைவானால், பேருந்துக்கு முந்திய நிறுத்தத்திலேயே இறங்கி நடங்கள். மலையூர் நண்பர்களே, உங்கள் வீட்டுக்குப் பின்னால் அந்தப் பழைய ஒற்றையடிப் பாதை இன்னும் இருக்கிறதா? புல் மூடிவிடுமுன் அதில் ஒருமுறை ஏறிப் பாருங்கள். மறுநாளும் ஏறுங்கள். அதற்கு மறுநாளும்.